வெள்ளவத்தை அக்காவின் வானுக்கு நாலு இன்ஜெக்டர்

"...வராட்டியும் பரவாயில்லை எண்டு நினைச்சுப்போட்டன், தம்பி. ஒரு நிமிசம்தான். ஆனா நினைச்சனான். திறப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு, வந்திடாதை, ஸ்டார்ட் வந்திடாதை எண்டு அந்த எஞ்சினைக் கெஞ்சிக்கொண்டு இருந்தனான். நீ பாவம், ஒரு மாசமா இதுக்குப் பின்னால அலைஞ்சனி. உனக்கு நான் செய்தது துரோகம்தானே?"

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில், நடுப்பகல் வெயிலில், ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் தன் ஒரே மகளைக் கனடாவுக்கு அனுப்பியிருந்தார். போர்க்காலம் என்பதால் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவு மகளை விழுங்கியதும் நாங்கள் இருவரும் வானுக்குத் திரும்பி வந்து ஏறினோம். பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ் வைத்திருந்தவன். பள்ளிக்கூடத்தில் எஞ்சின் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்து, கொழும்புக்கு வந்து, நடைபாதையில் விற்கும் பழைய புத்தகங்களைப் பார்த்து வாகனத்தின் மின்சாரம் கற்று, அதிலிருந்து எஞ்சினுக்குத் தாவியவன். மனிதர்கள் சொல்லும் நல்ல வார்த்தைகள் என்றால் எனக்கு உயிர். யாராவது ஒன்றைச் சொன்னால் மறக்கும் முன் கராஜ் சுவரில் சோக்கட்டியால் எழுதிவிடுவேன். அந்தச் சுவரில் பாதிக்கு மேல் அக்கா சொன்னவைதான்.

அக்கா என்று எழுதுகிறேனே தவிர, அவர் எனக்கு உறவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், மகளோடு இருந்தார். கணவர் இறந்த பிறகு ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வான் ஒன்றை எடுத்துத் தானே ஓட்டத் தொடங்கினார். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு யாராவது வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவரின் தொழில். ஐம்பது வயதுப் பெண் ஒருவர், கொண்டை போட்டு, செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலால் வான் ஓட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு வரிசையில் நின்றார்கள். சோதனைச்சாவடியில் பெண் ஓட்டும் வானுக்குக் கெடுபிடி கொஞ்சம் குறைவு என்பது ஒரு காரணம். அக்கா ஓட்டினால் விமானம் தவறாது என்பது மற்றக் காரணம்.

ஏறுகிறவர்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வான் புறப்படும்போதே சொல்லிவிடுவார்:

"அழுகிறதெண்டா களனிப் பாலம் தாண்டி அழுங்கோ. பாலத்துக்கு இஞ்சால செக்பொயின்ற் இருக்கு. அதில அழுதுகொண்டு நிண்டா ஏன் அழுகிறியள் எண்டு ஆமிக்காரன் கேட்பான். அதுக்கு உங்களிட்டையும் மறுமொழி இல்லை, என்னட்டையும் இல்லை."

அதைக் கேட்ட அன்றைக்கே சுவரில் எழுதிக்கொண்டேன்.

இனி அந்த வான். வெளியே பார்த்தால் முட்டை வடிவம். எஞ்சினைத் தேடி முன்பக்கம் போனால் கிடைக்காது. அது முன் இருக்கைகளுக்கு அடியில் படுத்திருக்கும். கை வைப்பதென்றால் இருக்கையைத் தூக்கி, கம்பளத்தைச் சுருட்டி, ஒரு இரும்பு மூடியைக் கழற்ற வேண்டும். அது போதாதென்று அந்த எஞ்சினுக்குச் சுப்பர்சார்ஜர் வேறு. சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதற்கோ பெல்ட்டில் சுழலும் ஒரு பொறி காற்றைப் பிடித்து உள்ளே திணிக்கும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடேறி, வெடிக்கக்கூடாத நேரத்தில் வெடித்து, பிஸ்டனின் தலை உருகிப்போகும். அந்தப் பெற்றோலைப் பீச்சுவது இன்ஜெக்டரின் வேலை. விரல் பருமனில் ஒரு சின்னச் சாமான். நாலு சிலிண்டருக்கு நாலு.

இவ்வளவும் அன்றைக்கு எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். தெரிந்துகொண்டுதான் பிழைவிட்டேன்.

மகளின் பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது அக்கா வானைக் கொண்டுவந்தார். ஒரு இன்ஜெக்டர் ஒழுகியது, இன்னொன்று அடைத்திருந்தது.

"நாலையும் மாத்து தம்பி. ஒண்டு ரெண்டு எண்டு ஒட்டுப்போடாதை. பிள்ளைக்கு ஸ்பொன்சர் சரிவந்திட்டுது. பிளைற்றுக்கு நாளும் குறிச்சாச்சு. ஊரிலை உள்ள பிள்ளையளை எல்லாம் நான்தான் கொண்டுபோய் விட்டனான். என்ர பிள்ளையை வேற ஆற்றையும் வானில ஏத்தமாட்டன்."

பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். இருபத்தைந்து வயது. திருமணம் பதிவாகிவிட்டது, கணவன் ரொறன்ரோவில்.

"அண்ணை, வான் ஓடாட்டி அம்மா என்னைத் தோளில தூக்கிக்கொண்டு போவா. பாத்துச் செய்யுங்கோ, எனக்கு வெக்கம்" என்றாள்.

பழைய நாலையும் கழற்றி ஒரு துணியில் சுற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகனச் சாமான் என்றால் கொழும்பில் அந்தத் தெருதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெயர், இலக்கம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கழற்றிய சாமானை மேசையில் சாம்பிள் என்று வைத்தால் போதும். கடைக்காரர் உள்ளே போய் அதேபோல ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். நீளம் சரியா, வாய் சரியா, வயர் பூட்டுகிற தலை சரியா? சரியென்றால் வியாபாரம் முடிந்தது. நானும் பத்து வருடமாக அப்படித்தான் சாமான் வாங்கினேன். பிழை வந்ததே இல்லை.

என் வழக்கமான கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நாலு இன்ஜெக்டரைக் கொண்டுவந்து வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இது அந்த வானின்ரதானோ நானா?"

"அதே குடும்பம் தம்பி. இது சுப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின்ல கழட்டின. ஒங்கட சாம்பிளுக்கு ஒத்து ஈக்கி. உள்ளுக்கு என்ன ஈக்கின்டு எனக்குத் தெரியாது. எனக்கு வெளிக்கண்தான் ஈக்கி."

அவர் நேர்மையாகத்தான் சொன்னார். "இல்லாத" என்ற சொல் என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. என் கண் அந்த இரட்டைப் பிள்ளைகளிலேயே நின்றது. வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய நாலையும் அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதுவும் அங்கத்தைய வழக்கம்.

பூட்டினேன். பிறந்த இடம் போலப் போய்ப் பொருந்தின. எஞ்சின் ஊமை மாதிரி ஓடியது. கொழும்புக்குள் ஒரு குறையும் இல்லை. அக்கா இரண்டு கிழமை ஓட்டினார், மெச்சினார்.

பிறகு ஒரு கலியாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனார். திரும்பி வந்ததும் நேரே கராஜ். முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

"கடுகண்ணாவ ஏத்தத்தில என்ர சீற்றுக்குக் கீழ ஆரோ கொத்துரொட்டி போடுறாங்கள்" என்றார்.

அதைவிடச் சரியாக அந்தச் சத்தத்தை எந்தப் புத்தகமும் சொல்லாது. தூரத்தில் கொத்துரொட்டி போடும்போது இரண்டு தகடும் கல்லில் தட்டுப்படுமே, அதே சத்தம்தான். சுமையோடு ஏற்றம் ஏறும்போது சுப்பர்சார்ஜர் முழு மூச்சாகக் காற்றை அடிக்கிறது. அந்தக் காற்றுக்குப் பெற்றோல் காணாது, போதவில்லை. உள்ளே நேரங்கெட்ட வெடிப்பு.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"காலை எடுத்திட்டன். மாடு மாதிரி மெல்ல மெல்ல ஏறினன். பின்னால நிண்ட பஸ்காரன் என்ர பரம்பரையையே ஏசினான். ஏசட்டும் எண்டு விட்டன்."

அந்தக் கால்தான் எஞ்சினைக் காப்பாற்றியது. வேறு யாராவது அழுத்தியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். அப்போதுதான் நானா சொன்ன "இல்லாத" என் மூளைக்கு வந்து சேர்ந்தது. ஓடினேன் பஞ்சிகாவத்தைக்கு. என் பழைய நாலும் இரும்பு லொறியில் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. இருந்திருந்தால் அதில் நல்லதாக இருந்த ஒன்றையாவது அளந்து பார்த்திருக்கலாம்.

மனிதன் ஒருமுறை குறைத்துப் போட்டுப் பிழைவிட்டால் அடுத்தமுறை என்ன செய்வான்? அள்ளிப் போடுவான். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பக்கத்தில் கார்ப் பந்தயம் ஓடுகிற பொடியன்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் கழற்றி வைத்த பெரிய இன்ஜெக்டர்கள் ஒரு செற் இருந்தது. தலையும் வாயும் பொருந்தின. பெற்றோல் போதாமல் போனதுதானே பிரச்சினை, இனிப் போதாமல் போகாது என்று பூட்டினேன். புகை கொஞ்சம் கறுப்பாக வந்தது. நின்று ஓடும்போது கொஞ்சம் தள்ளாடியது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குக் கடுகண்ணாவதான் கண்ணுக்குள் நின்றது.

ஏற்றத்தை நினைத்தவன் சோதனைச்சாவடியை மறந்துவிட்டேன்.

அந்த நாட்களில் வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சாவடியில் எஞ்சினை அணைக்க வேண்டும். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏற ஐந்து நிமிடமும் ஆகும், இருபது நிமிடமும் ஆகும். எஞ்சின் கொதிசூட்டில் நிற்கும். பிறகு ஒரே திருப்பில் அது புறப்பட்டுவிட வேண்டும். பெரிய இன்ஜெக்டர் பூட்டிய எஞ்சினுக்கு அது ஏலாது. வானின் கொம்பியூட்டர் பழைய அளவை நினைத்துக்கொண்டு இன்ஜெக்டரைத் திறக்கச் சொல்கிறது. இது இரண்டு மடங்கு ஊற்றுகிறது. பிளக் நனைந்துபோகும். உலகத்தில் வேறெங்கும் அது ஒரு சின்னத் தொல்லை. களனிப் பாலத்துச் சாவடியில், தமிழர் ஏறிய வானில், அது சின்னத் தொல்லை அல்ல.

ஒரு நாள் வானில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். சுவிஸுக்குக் கணவனிடம் போகிறார். சோதனை முடிந்து எல்லோரும் ஏறியாயிற்று. அக்கா திறப்பைத் திருப்புகிறார். எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெற்றோல் மணம் வேறு குப்பென்று எழும்புகிறது. ஒரு சிப்பாய் கிட்ட வந்து மணந்து பார்த்தான். இருக்கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினால் உள்ளே வயரும் குழாயும் பெட்டியுமாக என்னென்னவோ. இருக்கைக்கு அடியில் எஞ்சின் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். விசில் ஊதினான். எல்லோரையும் இருபது கஜம் தள்ளி நிறுத்தினார்கள்.

"மே எஞ்சிம மாத்தயா, எஞ்சிம" என்று அக்கா சிங்களத்தில் கத்தியிருக்கிறார். இதுதான் ஐயா எஞ்சின், எஞ்சின். யார் கேட்டார்கள்? பெரியவன் ஒருவன் வந்து, குனிந்து பார்த்து, தலையைச் சொறிந்து, எஞ்சின்தான் என்று ஒப்புக்கொள்ளும்வரை அந்தப் பிள்ளைகள் வெயிலில் நின்றன. பின்னால் வந்த தெரிந்த வான் ஒன்று தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனதால் விமானம் தவறவில்லை. அக்கா இரண்டரை மணித்தியாலம் தெருவோரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எஞ்சின் ஆறின பிறகு அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு திருப்ப, இருமிக்கொண்டு வந்தது.

அப்படியே கராஜுக்கு வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா ஒரு வெற்று எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார்.

"தம்பி, உனக்கு என்னில ஏதும் மனத்தாங்கலோ?"

"ஐயோ அக்கா."

"இல்லை, கேக்கிறன். முதல் என்னை மலையில விட்டனி. இப்ப ஆமிக்காரனுக்கு முன்னால விட்டனி. இனிக் கடல்தான் மிச்சம். அந்தச் சின்னப் பெடியன் என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு, அன்ரி, எங்கட பிளேன் எங்களை விட்டிட்டுப் போகுமோ எண்டு கேட்டான். அதில என்ர பிள்ளை நிண்டிருந்தா?"

நான் வானின் இருக்கையைத் தூக்கி, பெற்றோல் மணத்துக்குள் குனிந்தேன்.

"பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் கிடக்கு" என்றார் அக்கா. "ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லு. நான் வேற வான் பிடிக்கிறன். என்ர வாயால அதைச் சொல்ல எனக்கு எப்பிடி இருக்குமெண்டு உனக்குத் தெரியும். எண்டாலும் சொல்லுவன். பிள்ளை போகவேணும்."

ஏலாது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு கிழமை தாருங்கள் என்றேன்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகச் சாமானைக் கண்ணால் தேடாமல் கணக்கால் தேடினேன். நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கில மோட்டார் சஞ்சிகை ஒன்றில் கணக்கு இருந்தது. பலமுறை வாசித்திருக்கிறேன், என் வேலைக்கு அது தேவைப்படும் என்று நினைத்ததில்லை. சுவரில் அக்காவின் வாசகங்களுக்குக் கீழே சோக்கட்டியால் போட்டேன். சாதாரண எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை இறாத்தல் பெற்றோல் போதும். காற்றைத் திணிக்கிற எஞ்சினுக்கு அது காணாது, ஒரு இறாத்தலில் பத்தில் ஆறு பங்காவது வேண்டும். ஜப்பான் பத்திரத்தில் இந்த வானுக்கு நூற்றறுபது குதிரைவலு. அப்படியென்றால் மணிக்குத் தொண்ணூற்றாறு இறாத்தல். நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இருபத்துநாலு. ஆனால் இன்ஜெக்டரை முழுநேரமும் திறந்து வைத்திருக்கக்கூடாது, அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும். நூறில் எண்பது நேரம்தான் திறக்கலாம். ஆகவே முப்பது இறாத்தல் பீச்சக்கூடியது தேவை. நிமிடக் கணக்கில் மாற்றினால் முன்னூற்றுப் பதினைந்து மில்லிலீற்றர்.

கணக்கு வந்துவிட்டது. அளப்பது எதால்? ஒரு பழைய பெற்றோல் பம்ப், பற்றரி, அழுத்தம் காட்டும் மணிக்கூடு எல்லாம் கராஜில் இருந்தன. பெற்றோலைத் திறந்து பீச்சப் பயம், மண்ணெண்ணெய் எடுத்தேன். அளவு போட்ட பாத்திரம்தான் இல்லை. மருந்துக்கடைக்குப் போய் இருநூற்றைம்பது மில்லிலீற்றர் பால்போத்தல் ஒன்று கேட்டேன். நான் கலியாணம் முடிக்காதவன் என்று கடைக்காரருக்குத் தெரியும். போத்தலைச் சுற்றித் தரும்போது ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காத விதம் இருக்கிறதே, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் நானா தந்த இரட்டைப் பிள்ளைகளை அளந்தேன். அரை நிமிடத்தில் நூற்றுப்பத்து. நிமிடத்துக்கு இருநூற்றிருபது. கடுகண்ணாவ ஏற்றத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பட்டினி. பிறகு பந்தயக்காரருடையது. அரை நிமிடம் ஆகுமுன்னமே போத்தல் நிறைந்து என் கையில் வழிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். ஒரு பால்போத்தலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அடுத்த நாள் பம்ப், பற்றரி, பால்போத்தல் எல்லாவற்றையும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். சாம்பிள் இல்லாமல் வந்தவனை நானா மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, கடைக்குப் பிள்ளையோட வந்தீக்கிங்க?"

"நானா, காற்றடிக்கிற எஞ்சின்களில கழற்றின இன்ஜெக்டர் எத்தினை சோடி இருக்கோ அத்தினையும் எடுங்கோ. நான் ஒவ்வொண்டா அளக்கப்போறன்."

கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொன்றாகப் பூட்டி, அரை நிமிடம் ஓடவிட்டு, போத்தலைத் தூக்கிப் பார்ப்பேன். நானாவே மணிக்கூடு பிடித்தார். முதல் செற் நூற்றுமுப்பது. அடுத்தது இருநூறு. "இந்தப் பிள்ளை நல்லாக் குடிக்குது, இதையே எடுங்களே தம்பி" என்றார் நானா. மூன்றாவது செற் ஒரு ஜப்பான் காரிலிருந்து வந்தது. நூற்றறுபது, நூற்றைம்பத்தெட்டு, நூற்றறுபது, நூற்றைம்பத்தொன்பது. நாலும் ஒரே வயிறு. என் சுவரில் இருந்த கணக்குக்கு ஒரு கரண்டிதான் கூட.

"இதுதான் நானா."

"கண்ணுக்கு ஒத்து இல்லையே தம்பி. தல வேற மாதிரி ஈக்கி."

"தலையை நான் வெட்டி ஒட்டுறன். வயிறு சரி."

வயர்த் தலைகளை மாற்றிப் பூட்டினேன். புகை கறுக்கவில்லை. அக்கா கராஜில் அதே எண்ணெய் வாளியில் வந்து இருந்துகொண்டு என்னைச் சோதித்தார். எஞ்சினைக் கொதிக்கும்வரை ஓடவிடச் சொல்வார். அணைக்கச் சொல்வார். கைமணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருப்பார். "இப்ப" என்பார். திருப்புவேன், வரும். மறுபடி. ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். சாவடியில் மறிக்கிற எல்லா அளவுக்கும் பார்த்தார். எல்லா அளவுக்கும் வந்தது.

ஏற்றம் மிச்சம் இருந்தது. அதற்குச் சுமை வேண்டும். அக்கா தன் மாடிக் குடியிருப்பில் எட்டுப் பேரைக் கண்டிக்குக் கோயில் கும்பிடக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் திடீரென்று கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் அழுத்தி மிதித்தாராம். திரும்பிவந்து, "கொத்துரொட்டிக் கடை பூட்டியாச்சு" என்றார். அதையும் சுவரில் எழுதினேன்.

பயண நாள் வந்தது. விமானம் பிற்பகல். காலையிலேயே அக்கா கொட்டாஞ்சேனைக்கு வந்து என்னை ஏற்றினார். நான் வந்தே ஆகவேண்டுமாம், ஸ்பானர், குறடு போட்ட ஆயுதப் பையோடு. மகள் முன் இருக்கையில், எஞ்சினுக்கு நேர் மேலே. பின்னால் இரண்டு பெரிய பெட்டிகள், நடுவில் நான்.

"அண்ணை, எனக்குக் கீழ நெருப்பு ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள் மகள்.

"அளந்த நெருப்புத்தான் பிள்ளை."

"அம்மா, அண்ணை பால்போத்தலில அளந்தவராம், தெரியுமே? கனடாவில போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அக்கா சிரிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்துச் சாவடியில் மறித்தார்கள். அக்கா எஞ்சினை அணைத்தார். இறங்கினோம். அதே சிப்பாய். அவனுக்கு வானை மறக்கவில்லை.

"ஆ, பெட்ரல் கந்த வான் எக" என்றான். பெற்றோல் மணக்கிற வான். மூக்கை வானுக்குள் நீட்டி மணந்தான். மணம் இல்லை. மகளின் கடவுச்சீட்டை விரித்துப் பார்த்தான்.

"துவத?" மகளா என்று அக்காவைக் கேட்டான்.

"ஓவ், மகே துவ."

"எக்கெனாத?" ஒருத்திதானா?

"எக்கெனாய்."

கடவுச்சீட்டை மூடி மகளின் கையில் கொடுத்தான். பெட்டிகளைத் திறக்கச் சொல்லவில்லை. "ஹரி, யன்ன" என்றான். சரி, போங்கள். ஏறினோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கொதிசூடு. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

அக்கா திறப்பைப் போட்டார். திருப்பவில்லை.

அவர் பயப்படுகிறார், அந்தப் பிள்ளைகள் வெயிலில் நின்ற நாளை நினைக்கிறார் என்று நினைத்தேன். "வரும் அக்கா, பயப்பிடாதேங்கோ. எல்லா அளவுக்கும் பாத்தனாங்கள்தானே" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. லொறி மறுபடி அடித்தது. சிப்பாய் கையை வீசினான்.

திருப்பினார். அரைத் திருப்பில் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கைதட்டினேன். சின்னப்பிள்ளை மாதிரி. என் நாலு இன்ஜெக்டரும் நாலு பிள்ளைகள் பரீட்சையில் பாஸானது மாதிரி எனக்கு. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வான் பாலத்தில் ஏறியது. கீழே களனி கலங்கலாக ஓடியது. இறங்கியதும் மகள் மெல்லச் சொன்னாள்:

"அம்மா, பாலம் தாண்டிட்டம்."

"தெரியும்."

"இனி அழலாம்தானே?"

"நீ அழு பிள்ளை. எனக்கு றோட் தெரியவேணும்."

மகள் அழுதாள். அக்கா ஒரு கையால் அவளின் தலையைத் தொட்டார், பிறகு அந்தக் கையையும் ஸ்டியரிங்குக்கு எடுத்துக்கொண்டார். கட்டுநாயக்கவுக்கு நேரத்துக்கு முன்னரே போய்ச் சேர்ந்தோம். அக்கா யாரையும் பிந்திக் கொண்டுபோய் விட்டதில்லை, அன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தரிப்பிடத்தில் அந்த வார்த்தை. உனக்கு நான் செய்தது துரோகம்தானே என்று அவர் கேட்டபோது, சாவடியில் திறப்பைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்த அந்த நேரம் எனக்கு விளங்கியது. வேறு யாருடைய பிள்ளையை ஏற்றியபோதும் அவருக்குத் தோன்றாத நினைப்பு அது. வான் நின்றுபோனால் விமானம் போய்விடும். விமானம் போனால் பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் மூன்றாம் மாடியில் இருப்பாள். அந்த நேரத்தில் நான் பின்னால் இருந்துகொண்டு, வரும் அக்கா, வரும் அக்கா என்று தைரியம் சொல்லியிருக்கிறேன்.

"இல்லை அக்கா" என்றேன். "நினைச்சதுக்கு ஒண்டுமில்லை. திருப்பினனீங்கள்தானே."

அக்கா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். திறப்பைத் திருப்பினார். அரைத் திருப்பில் வந்தது. அணைத்தார். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்பவர் போல இருந்துவிட்டு மறுபடி திருப்பினார். வந்தது. அணைத்தார். மூன்றாம் தரமும் திருப்பினார், அதற்கும் வந்தது. ஒரு தரமாவது மாட்டேன் என்று சொல்லுமா என்று பார்ப்பவர் போல, தன் மகள் இருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நாலாம் தரம் திருப்பினார். அதற்கும் வந்தது. இந்தமுறை அணைக்கவில்லை. கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்து, றிவேஸ் போட்டு, வானை வெளியே எடுத்தார்.